மன்னாருக்குச் சுற்று வழி

இளங்கோ கூப்பிடுகிறார் என்றதும், தரம் போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகள் பனியன் விஷயமாகத்தான் இருக்கும் என்று ஆஷா பதில்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே மாடி ஏறினாள். திருப்பூர் முதலிபாளையம் சிட்கோவில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்து, சாம்பிள் செக்‌ஷனுக்குப் போய், இப்போது மூன்று தையல் லைன்களுக்குப் பொறுப்பாக இருந்தாள். முதலாளி தன் அறைக்கு வரச் சொன்னால் ஒன்று திட்டு விழும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வேலை.

அன்றைக்கு இரண்டும் இல்லை.

"உக்காரு கண்ணு," என்றார் இளங்கோ. "சிலோன்ல ஒரு பேக்டரியோட சேந்து பண்றோம். நம்ம சரக்கு வாங்கற பையர் சொல்லி வந்த ஏற்பாடு. அங்க புதுசா கொஞ்சம் புள்ளைங்கள எடுத்திருக்காங்க, ஒருத்திக்கும் மெஷின் பழக்கம் இல்ல. ரெண்டு மாசம் கூட இருந்து சொல்லிக் குடுக்க ஒரு ஆள் கேக்கறாங்க. தமிழ் பேசற பொம்பள ஆளா இருந்தா நல்லதுங்கறாங்க. எனக்கு உன் நெனப்புத்தான் வந்துச்சு."

"சிலோன்ல எங்கீங்ணா?"

"மன்னார்னு ஏதோ ஒரு ஊரு."

மன்னாரில் பஸ் ஏறினால் பேசாலை பக்கம்தான். பேசாலையில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய அம்மா இருந்தாள். அம்மாவைப் பார்த்துப் பதினோரு வருடமாகிறது என்று சொல்ல முடியாது, போனில் தினமும் பார்த்தாள். நேரில்தான் பதினோரு வருடம்.

"போறேனுங்ணா," என்று சொல்லிவிட்டாள். புருஷனைக் கேட்கவில்லை, யோசிக்கவில்லை. படி இறங்கும்போதுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது.

அடுத்த நாள் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவளை அழைத்தாள். "பாஸ்போர்ட் இருக்குங்களா ஆஷா? இல்லீன்னா தட்கால்ல போட்டுரலாம், வெரசா வந்துரும்."

"எனக்குக் குடுக்க மாட்டாங்க மேடம்."

"ஏனுங்க? கேஸு கீஸு ஏதாச்சும் இருக்குங்களா?"

"நான் கேம்ப்புங்க. சிலோன் கேம்ப்பு."

கம்பெனியில் அதுவரை யாருக்கும் தெரியாது. அவள் மறைத்ததில்லை, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவள் பேசுவது தாராபுரத்துக்காரி பேசுகிற மாதிரி இருக்கும், ஏனென்றால் தாராபுரம் பக்கத்து இலங்கை அகதி முகாமில்தான் வளர்ந்தாள். புருஷன் முனீஸ் சாத்தூர்க்காரன், இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதனால் அவளைச் சாத்தூர்க்காரனைக் கட்டிக்கொண்ட தாராபுரத்துக்காரி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய அப்பா அந்தோணிராஜ் சண்டைக்குப் பயந்து, வயிற்றுப் பிள்ளைக்காரியான மனைவியோடு பேசாலையிலிருந்து படகேறி வந்தவர். ஆஷா பிறந்தது மண்டபத்தில், அரசாங்க ஆஸ்பத்திரியில். முகாமிலிருந்தே பள்ளிக்கூடம் போனாள், முகாமிலிருந்தே பஸ் பிடித்து வேலைக்கு வந்தாள். அப்பா இறந்து, அங்கே சண்டையும் ஓய்ந்த பிறகு, அம்மா தம்பி அருள்செல்வனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். வீடும் தென்னங்காணியும் யாரோ ஒருவர் கையில் போய்விடும் என்ற பயம். அப்போது ஆஷாவுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. "வந்து போய்க்கொண்டிருப்பன் மகள்," என்று சொல்லித்தான் அம்மா, சொந்த விருப்பத்தில் திரும்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினாள். பிறகு பேத்தி ஜெனி பிறந்தபோது ஒரு தடவையும், அவளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை கொடுத்தபோது ஒரு தடவையும் இந்தியா வர விசா கேட்டாள். இரண்டு தடவையும் காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டார்கள்.

இளங்கோவுக்கு இதெல்லாம் நம்ப முடியாமல் இருந்தது. "நீ இங்கதான பொறந்த?"

"ஆமாங்ணா."

"ஆதார் இருக்குதுல்ல?"

"இருக்குங்க."

"அப்பறம் என்ன? எவனோ தெரியாத்தனமா சொல்லியிருக்கான். நான் வர்றேன், நேர்ல போய்ப் பேசலாம். நமக்கு ஆளிருக்குது."

அவருக்கு உண்மையிலேயே ஆளிருந்தது. அகதிகள் விஷயம் பார்க்கும் ஆபீஸில் போய் உட்கார்ந்ததும் காப்பி வந்தது. அந்த அதிகாரி மரியாதையானவர், ஆஷாவையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த மரியாதைதான் பின்னால் நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க போறதுக்கு நாங்க தடையே சொல்லலியேம்மா," என்றார் அவர். "இலங்கைத் தூதரகத்துல எழுதிப்போட்டு, அந்த ஊர்க் குடியுரிமை வாங்கி, அவங்க பாஸ்போர்ட் எடுங்க. எடுத்துட்டு, சொந்த விருப்பத்துல நாடு திரும்பறேன்னு எழுதிக் குடுங்க. நாங்க அனுப்பி வச்சிர்றோம்."

"ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வரணும் சார்."

"அதெப்படி முடியும்? நீங்க அகதி. அகதி சொந்த ஊருக்குப் போயிட்டா அப்பறம் அகதி இல்ல."

"அகதி இல்லீன்னா நான் யாருங்க சார்?"

"இலங்கைக்காரங்க."

"நான் அந்த ஊரைக் கண்ணால பாத்ததில்லீங்க சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" அவர் குரலில் கோபமே இல்லை. "போறது உங்க உரிமை. வர்றதுதான் எங்க கையில இல்ல."

காரில் திரும்பும்போது இளங்கோ, அவிநாசி ரோட்டில் ஒரு சிக்னலில் நின்றபோது, "விடு கண்ணு, நமக்கெதுக்கு வம்பு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆமா, நாளைக்கு பையர்கிட்டருந்து ஆடிட்டுக்கு வர்றவன் இதைக் கேட்டான்னா ஒண்ணும் பிரச்சினை வராதுல்ல?" என்றார்.

ஆஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் காரில் ஏறும்போது அவள் அவருடைய நல்ல வேலைக்காரி. அதே காரில் திரும்பும்போது ஒரு பிரச்சினை.

அவளுக்குப் பதிலாக அவளுடைய லைனில் தைக்கும் சித்ராதேவி போவது என்று முடிவாயிற்று. விளாத்திகுளம் பக்கத்துப் பெண். மெஷினில் உட்காரக் கற்றுக் கொடுத்ததே ஆஷாதான். அவளுக்கு மளமளவென்று பாஸ்போர்ட் வந்தது. புதுப் பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்வது, நூல் அறுந்தால் எப்படிப் பதறாமல் பார்ப்பது, கை ஓடாத பிள்ளையை எப்படி அழவிடாமல் வேலை வாங்குவது என்று ஆஷா ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுக்கும்போது குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள்.

"ஒரு பனியனுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லையா?" என்று முனீஸிடம் கேட்டாள். "நான் தைக்கிற பெட்டியெல்லாம் தூத்துக்குடியில ஏறி, கொழும்புக்குப் போயித்தான் பெரிய கப்பல் மாறுது. அதைக் கேக்குறானா நீ யாரு, எங்க பொறந்தேன்னு? அதைத் தச்ச கைய மட்டும் கேக்குறான்."

முனீஸ் சமாதானம் சொல்லத் தெரியாதவன். "சாப்பிடு" என்றான்.

சித்ராதேவி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள். மத்தியானத்துக்குள் அக்கரையில் நின்று போட்டோ அனுப்பினாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே பேசாலைக்குப் போய், ஆஷாவின் அம்மா வீட்டிலிருந்து வீடியோவில் அழைத்தாள். "அக்கா, உங்க அம்மா எனக்கு மீன் கொழம்பு வச்சுத் தந்தாங்க அக்கா. சாயல்ல அப்படியே உங்கள மாதிரியே இருக்காங்க."

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். பின்னால் வேப்பமரமும் கிணற்றுக் கட்டும் தெரிந்தன. "நல்ல பிள்ளையாய்த்தான் இருக்கிறாள்," என்றாள் அம்மா. பிறகு முகம் கோணிற்று. "நான் என்ர பிள்ளைய வரச் சொன்னா, ஊரான் வீட்டுப் பிள்ளைய அனுப்பியிருக்கிறாய்."

ஆஷா போனை அணைத்தாள். வாளியில் ஊறிய துணிகளை எடுத்துத் துவைகல்லில் அடித்த அடியில் ஜெனியின் சீருடைப் பொத்தான்கள் தெறித்து ஓடின.

தசரா லீவு முடிந்து பிமலா திரும்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். பிமலா நேபாளத்துக்காரி. செக்கிங் பிரிவில் இருந்தாள், புருஷன் பக்கத்துக் கம்பெனியில் வாட்ச்மேன். வருடா வருடம் ஊருக்குப் போய் அம்மாவோடு பண்டிகை கொண்டாடிவிட்டு வருவாள். இந்தத் தடவை ஆஷாவுக்கென்று ஒரு பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து டேபிளில் வைத்தாள்.

"பார்டர்ல உன்னை என்ன கேட்டாங்க?" என்றாள் ஆஷா.

பிமலா சிரித்தாள். அக்கா என்பதை அவள் தன் பாஷையில் தீதி என்பாள். "ஒண்ணும் கேக்கல தீதி. பைல சாராயம் இருக்கா கேட்டான்."

"பாஸ்போர்ட்டு?"

"அது எனக்கு இல்ல. எதுக்கு?"

ஆஷாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எதுக்கா? உனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா? இந்த மண்ணுல நீ பொறந்தியா? நீ அந்நிய தேசத்துக்காரி. நீ ஜம்முனு போயி உன் அம்மா மடியில படுத்துட்டு வர்ற, இங்கயே பொறந்து இங்கயே சாகப்போற நான் மாசா மாசம் கேம்ப்புல போயி நின்னு, இன்னும் ஓடிப் போகலைங்க சாமின்னு காட்டிட்டு வரணும். எடுத்துட்டுப் போ உன் ஊறுகாயை!"

செக்கிங் டேபிள்களில் கைகள் நின்றன. பிமலா அழவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். ஆஷா லைனுக்குத் திரும்பி, தைத்த துணியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். யார்மேல் விழ வேண்டிய வார்த்தைகள் அவை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அங்கே போய்ச் சொல்ல வாய் வரவில்லை, இங்கே வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

டீ நேரத்தில் பிமலாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தீதி, உன் அம்மா நேபாள் வர முடியுமா?"

"நேபாளத்துக்கா? எதுக்கு?"

"நீயும் வா. என் ஊடு இருக்குது. என் அம்மா இருக்கு. அங்க பாருங்க ரெண்டு பேரும்."

ஆஷா அவளையே பார்த்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேசாலையில் ஆட்டோ ஓட்டும் தம்பி அருள்செல்வனிடம் அன்று மாலை போனில் கேட்டபோது, அவன் விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தான். இலங்கைக்காரருக்கு நேபாளத்தில் இறங்கிய இடத்திலேயே விசா தருகிறார்கள். "அம்மாவ நான் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா. உன்னாலதான் வரேலுமோ தெரியேல்லை."

முனீஸ் முதலில் ஒரேயடியாக மறுத்தான். "இந்தியாக்காரன் போகலாம், நேபாளத்துக்காரன் வரலாம். நீ ரெண்டும் இல்லைளா. அனுமதி இல்லாம எல்லை தாண்டுனான்னு பிடிச்சான்னா, ஒன்னைய எங்க கொண்டுபோயி வைப்பான்னு தெரியுமா? புள்ளைய நெனச்சுப் பாத்தியா?"

"நான் இத்தனை வருசம் ஒழுங்காத்தானே இருந்தேன்?" என்றாள் ஆஷா. "சொன்ன தேதிக்குச் சொன்ன இடத்துல நின்னேன். ஒரு நாள் தவறியிருக்கேனா? ஒழுங்கா இருந்து என்ன கெடைச்சுது எனக்கு? என் அம்மா சமைச்சதை எவளோ சாப்பிடுறதைப் போன்ல பாக்கத்தான் கெடைச்சுது."

மூன்றாம் நாள் முனீஸ் கோரக்பூர் ரயிலுக்கு ஆஷாவுக்கும் ஜெனிக்கும் பிமலாவுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். தனக்கு எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா, வெளிய நின்னு வக்கீலைத் தேடி ஓட ஒரு ஆள் வேணும்ல" என்றான்.

ரயில் போய்க்கொண்டே இருந்தது. ஆந்திரா போயிற்று, நாக்பூர் போயிற்று, பேசுகிற பாஷை ஜன்னலுக்கு வெளியே மாறிக்கொண்டே வந்தது. பாட்டியைப் பார்க்கப் போகும் ஜெனி கேட்டாள்: "அம்மா, அம்மாயி ஊடு இவ்வளவு தூரமா?" இல்லை கண்ணு, மண்டபத்தில் நின்றால் எட்டிவிடும் தூரம்தான் என்று ஆஷா சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருப்பாள். மடியில் போட்டிருந்த துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் எல்லை ஊரான சோனௌலி. எல்லை என்றால் அவள் முள்வேலியும் துப்பாக்கியும் நினைத்திருந்தாள். அங்கே ஒரு கடைவீதி இருந்தது. கடைவீதியின் நடுவில் ஒரு வளைவு. ரிக்‌ஷாக்கள், காய்கறி மூட்டை, கல்யாண கோஷ்டி, மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு கிழவர், எல்லாமே வளைவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஜவான் ஒருவன் கையை நீட்டினான். ஆஷா ஆதார் அட்டையைக் கொடுத்தாள். இன்னொரு கையால் ஜெனியின் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"தமில்நாடு?" என்று அவன் ஆச்சரியமாகப் படித்தான். "கூம்னே?"

சுற்றிப் பார்க்கவா என்று கேட்கிறான் என்று பிமலா சொன்னாள். ஆஷா தலையாட்டினாள். அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

அவ்வளவுதான். அவள் வேறு நாட்டில் நின்றாள். வாழ்நாளெல்லாம் அவளைக் கட்டிப்போட்டிருந்தது இந்த மாதிரி ஒரு கோடுதானா? பெரிய சுவராக இருந்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. மாடு போகிறது. மூட்டை போகிறது. இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசி, போகட்டும் வரட்டும் என்று முடிவு செய்துவிட்டால் கதை இவ்வளவு லேசாக முடிந்துவிடுகிறது. இங்கே பேச முடிந்தவர்களுக்கு மன்னார்ப் பக்கம் ஏன் வாய் வரவில்லை?

பிமலாவின் வீடு புட்வலைத் தாண்டி ஒரு கிராமத்தில், கடுகு வயலை ஒட்டி இருந்தது. அம்மாவும் அருள்செல்வனும் காத்மாண்டிலிருந்து பஸ்ஸில் முந்தின நாளே வந்துவிட்டார்கள். அம்மா முற்றத்தில் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். போனில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். போன் எப்போதும் முகத்தைத்தான் காட்டியிருந்தது, முதுகு வளைந்ததைக் காட்டவில்லை.

"வந்திட்டியே," என்றாள் அம்மா. ஜெனியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிள்ளை வெட்கப்பட்டு நெளிந்தது. அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தால், வையத் தொடங்கினாள். "பாவிகள். நாசமாய்ப் போவாங்கள். கண்ணுக்கு முன்னால இருக்கிற பிள்ளையப் பாக்க என்னை இமயமலைக்கு ஏத்திப்போட்டாங்களே. குளிர்ல எனக்குக் கால் விறைக்குது." வைதுகொண்டே ஆஷாவைக் கட்டிக்கொண்டாள். ஆஷாவும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிக்கொண்டாள். பிமலாவின் அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் அவளும் தன் பாஷையில் யாரையோ வைதாள்.

நான்கு நாள் இருந்தார்கள். அம்மா பிமலா வீட்டு அடுப்பில் கடல் மீன் இல்லாத மீன் குழம்பு வைத்துப் பார்த்து, சரியாக வரவில்லை என்று அதற்கும் திட்டினாள். ஜெனிக்குத் தலை பின்னிவிட்டாள். அம்மாயி பேசுவது பாதி புரியவில்லை என்று ஜெனி சிரித்தாள். மூன்றாம் நாள் காலை வெயிலில் உட்கார்ந்திருந்தபோது அம்மா மனதிலிருந்ததைச் சொன்னாள்.

"திரும்பிப் போகாதை. எங்களோட காத்மாண்டுக்கு வா. அங்க எங்கட தூதரகம் இருக்குது. உனக்கும் பிள்ளைக்கும் பதிஞ்சு பாஸ்போட் எடுக்கலாம் எண்டு அருள் விசாரிச்சிருக்கிறான். அப்பிடியே வீட்ட வா."

"முனீஸ்?"

"பிறகு வரட்டும். அவனுக்கென்ன, பாஸ்போட் குடுப்பாங்கள்."

"வந்து அங்க என்ன பண்ணுவான்? நான் என்ன பண்ணுவேன்?"

"உன்ர ஊர்ல உனக்கென்ன செய்யத் தெரியாதோ?"

"என் ஊர் திருப்பூர்," என்றாள் ஆஷா. "என் வேலை அங்க இருக்கு, ஊடு அங்க இருக்கு. நீ சொல்றது உன் ஊர்."

அம்மாவுக்கு முகம் சிவந்தது. "உன்ர ஊரோ? அந்த நாட்டுக்கு நீ ஆர்? பேர் இருக்கோ உனக்கு அங்க? நாப்பது வரியமானாலும் உன்னை வந்தவள் எண்டுதான் சொல்லுவாங்கள். அவங்கட வாசலுக்க கிடக்கப்போறியோ?"

"நீதானே கொண்டுவந்து போட்ட அந்த வாசல்ல!" ஆஷா எழுந்துவிட்டாள். "போட்டுட்டு, வீட்டைப் பாக்கணும், தென்னையைப் பாக்கணும்னு நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போன. நான் மாசமா இருந்தேன் அப்ப. உனக்குத் தெரியும். பேறுக்கு என் பக்கத்துல யாரு இருந்தா? வாடகை ஊட்டுக்காரம்மா இருந்தாங்க."

அருள்செல்வன் நடுவில் வந்து, "விடு அக்கா," என்றான்.

"எதை விடறது? அந்த ஆபீசர், போனா வராதேங்கறான். இவ, வந்தா போகாதேங்கறா. ஒரு மனுசி தன் அம்மாவைப் பாத்துட்டு, தன் ஊட்டுக்குத் திரும்பிப் போகணும்னு சொல்றது என்ன பெரிய பேராசையா? பிமலா போறா, வர்றா. அவளை யாராவது எங்கயாவது ஒரே பக்கமா நில்லுன்னு சொல்றாங்களா?"

மறுநாள் காலை, ஜெனிக்குத் தலை வாரிக்கொண்டே அம்மா, பிள்ளையைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் வந்து போகலாம் எண்டுதான் சொன்னாங்கள். அதை நம்பித்தான் கையெழுத்து வைச்சன். என்னையும் ஏமாத்திப்போட்டாங்கள்." ஆஷா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அம்மா சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் தலையைக் காட்டினாள்.

புட்வல் பஸ் நிலையத்தில் பிரியும்போது அம்மா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பேசாலையில் பிடித்துக் காயவைத்த சீலாக் கருவாடும், பனம்பழக் களியை உலர்த்திச் செய்த பனாட்டும். "முனீசுக்குப் பொரிச்சுக் குடு" என்றாள்.

திரும்பும் வழியில் வளைவுக்கு இந்தப் பக்கம் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜவான் ஒருவன் ஆஷாவின் பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தான். முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான். இதெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியில் போட்டான். "ஜாவ், ஜாவ்" என்று ஆஷாவைப் போகச் சொன்னான்.

போயிருக்கலாம். பிமலா கையைப் பிடித்து இழுத்தாள். ஜெனி ஏற்கெனவே நாலடி முன்னால் போயிருந்தாள். ஆஷாவின் கால் நகரவில்லை.

"எடு அதை," என்றாள் தமிழில்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எடுடா அதை! எங்கம்மா குடுத்தது அது! அது உனக்கு என்ன பண்ணுச்சு? அதுல என்ன குண்டா வச்சிருக்கு? உனக்கு யாருடா குடுத்தது உரிமை, எங்கம்மா கையால கட்டிக் குடுத்ததைப் பெட்டியில போட?" அந்த மரியாதையான அதிகாரியிடம் சொல்லாதது, இளங்கோவிடம் சொல்லாதது, மாதா மாதம் முகாமில் வரிசையில் நின்று விழுங்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. வரிசை கலைந்து கூட்டம் சேர்ந்தது. பிமலா இந்தியில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இன்னொரு ஜவான் வந்தான். கறுப்பாக, மீசையோடு இருந்தான். "என்னக்கா, என்ன சத்தம்? எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டான்.

"திருப்பூர்."

அவன் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பார்த்தான். கருவாட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு கடையின் பெயர் மூன்று பாஷையில் இருந்தது. கீழே மன்னார் என்று தமிழில். அவன் மெதுவாக நிமிர்ந்தான். "இது எப்படிக்கா நேபாளத்துல வந்துச்சு? நீங்க உண்மையா எந்த ஊரு?"

பொய் சொல்ல அவளுக்கு நேரமிருந்தது. பொய்யும் தயாராக இருந்தது, முனீஸ் சொல்லிக் கொடுத்த பொய். "மண்டபம் கேம்ப்புல பொறந்தவ நான்," என்றாள். "என் அம்மா பேசாலையில இருக்கா. என்னை அங்க விடமாட்டாங்க, அவளை இங்க விடமாட்டாங்க. அதனால ரெண்டு பேரும் இங்க வந்து பாத்துட்டுப் போறோம். பிடிச்சு வைக்கிறதுன்னா வை. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அவனுக்குப் பின்னால் நின்ற மேலதிகாரி இந்தியில் என்ன விஷயம் என்று கேட்டார். அவன் திரும்பி ஏதோ சொன்னான். அவர் சிரித்தார். தமிழ்நாட்டுப் பெண் மீனுக்குச் சண்டை போடுகிறாள் என்று சொன்னதாகப் பிமலா பிறகு சொன்னாள்.

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல," என்றான் அவன், உதடு அசையாமல். "பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்கக்கா. திரும்பிப் பாக்காமப் போங்க." பொட்டலத்தை மறுபடி பெட்டியில் போட்டான். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கோரக்பூர் பஸ்ஸில் பிமலா, "நல்ல ஆள் தீதி, கடவுள் மாதிரி" என்றாள்.

"நல்ல ஆள்தான்," என்றாள் ஆஷா. "அவன் இன்னிக்கு லீவு போட்டிருந்தா? என் வாழ்க்கை ஒருத்தன் லீவு போடறதுலயும் போடாததுலயுமா இருக்கணும்?"

பிமலா தூங்கி விழுந்த ஜெனியைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் முனீஸ் ஸ்டேஷனில் நின்றிருந்தான், முகம் வற்றிப் போயிருந்தது. கம்பெனியில் இளங்கோ எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே தனக்கு நல்லது என்று நினைத்திருப்பார். முகாமில் செக்கிங் நாளன்று அவள் வரிசையில் நின்றாள், பெயர் கூப்பிட்டதும் ஆமாம் என்றாள்.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டாள். கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். தானே உட்கார்ந்து எழுதிய மனு. குடியுரிமை கேட்டு எழுதவில்லை. அதைக் கேட்டு முகாமிலிருந்து எத்தனையோ பேர் எழுதியாயிற்று, வழக்கும் போட்டாயிற்று, எல்லாம் கிடப்பில் கிடந்தது. அவள் வேறொன்று கேட்டிருந்தாள்.

மேஜையில் இருந்த குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா இது? 'போய்விட்டுத் திரும்பி வர அனுமதி வேண்டும்'னு எழுதியிருக்கீங்க. போறதுக்கு ஒரு மனு இருக்குது. திரும்பி வர்றதுக்கெல்லாம் அப்படி ஒண்ணு கெடையாதுங்க."

"கெடையாதுன்னு எழுதிக் குடுங்க சார்."

"அப்படியெல்லாம் எழுதிக் குடுக்க முடியாதுங்க."

"அப்ப வாங்கி வச்சு நம்பர் போடுங்க."

"எதுல சேக்கறதுன்னே தெரியலியேம்மா. விசாரிச்சு வைக்கறேன், அடுத்த வாரம் வாங்க."

"வர்றேன்," என்றாள் ஆஷா. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாக வந்தது அது. "அடுத்த வாரமும் வர்றேன், அதுக்கடுத்த வாரமும் வர்றேன். எங்கயும் போகமாட்டேன் சார், கவலைப்படாதீங்க. நான்தான் எங்கயும் போக முடியாதவளாச்சே."

குமாஸ்தா சங்கடத்தோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆஷா மனுவை மேஜையிலேயே விட்டுவிட்டு, பஸ் பிடிக்க வெளியே வந்தாள். மதியத்துக்கு மேல் லைன் ஓட வேண்டும். கப்பலுக்குச் சரக்கு போகிற வாரம் அது.